ஏழாம் வீட்டில் விழுந்த கோடு

சந்திரகாந்தா அக்கா மேல் எனக்கு இருபத்திரண்டு வருசக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ, டீவி திருத்திக்கொண்டிருந்தேன். பல்லேபொலப் பக்கத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பொருத்தம் பார்க்க இரண்டு வீட்டாரும் பலாபத்வலைக்குப் போனோம். அங்கேதான் சந்திரகாந்தா அக்காவும் அவர் கணவர் இராசமாணிக்கமும் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்துக் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் அப்போது அந்த ஒரு வீடுதான்.

அங்கே ஒரு முறை உண்டு. மற்ற ஜோசியர்கள் தாளில் எழுதி மடித்துக் கொடுப்பார்கள். தரகர் காசு கொடுத்து மாற்றி எழுதச் சொன்னார் என்று சண்டை வரும். இந்த வீட்டில் அப்படி இல்லை. ஆணின் கட்டத்தையும் பெண்ணின் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மொனிட்டரை இரண்டு வீட்டார் பக்கமும் திருப்பிவிடுவார்கள். "நான் சொல்றத நம்பாதீங்க, உங்க கண்ணால பாருங்க" என்பார் அக்கா. அதற்காகவே சனம் போனது.

எங்கள் பக்கமும் திருப்பினார். பதின்மூன்று பேர் இருந்தோம். அவர் திரையைப் பார்த்து வாசித்தார்:

"பையனுக்குப் பத்தாமிடம் பலமில்ல. கைத்தொழில் செஞ்சா தொட்டது துலங்காது."

பெண்ணின் தகப்பன் எழும்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ரேடியோவக் குடுக்கவே பயமா இருக்கு. பொண்ணக் குடுக்கிறதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

கல்யாணம் நின்றதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் முகம்கூட ஞாபகமில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்கு முன்னால் மாத்தளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அயன் பொக்ஸைக் கொண்டு வருகிறவன்கூட, "அழகமுத்து, இன்னைக்குக் கை எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் மேசையில் வைப்பான். வருசக்கணக்கில் கேட்டார்கள்.

கடைசியில் நான் கட்டிய டொறீன் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கப் பெண். அவர்கள் வீட்டில் ஜாதகம் கேட்கவில்லை. ஞானஸ்நானப் பத்திரம் கேட்டார்கள். அதுவும் என்னிடம் இல்லை, அது வேறு கதை. நான் இந்தப் பழசை எடுக்கும்போதெல்லாம் டொறீன் சொல்வாள்: "அந்த மனுசிக்கு நான் மெழுகுதிரி கொளுத்தணும். அவ மட்டும் வாயைத் திறக்கலன்னா நீங்க எனக்குக் கிடைச்சிருப்பீங்களா? என்ன, நல்லதா கெட்டதான்னுதான் இன்னும் தெரியல."

போன ஒக்டோபர் மாதம் ஒரு நாள் சந்திரகாந்தா அக்கா என் கடைக்கு வந்தார். பெட்சீட்டில் சுற்றிய ஒரு மொனிட்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். சுகர் காலைப் பிடித்திருந்தது. ஒரு செருப்பின் வாரை அறுத்துப் புண்ணுக்கு இடம் விட்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து மசாலாக் கடை ஹாஷிம் நானாதான் என்னைக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, இதுல கலர் கலரா கோடு விழுது. சிவப்பு, பச்சை. நிக்காம நடுங்குது. போட்டவுடனே நல்லா இருக்கும். ஒரு மணித்தியாலம் போனா ஆரம்பிக்குது."

"பழசுதானே அக்கா. பத்து வருசம் இருக்குமா?"

"பதினஞ்சு. பிந்தினாலும் பரவாயில்ல, சரியாக்கிக் குடுங்க. நவம்பர் கடைசி ஞாயிறு விதுஷாவுக்குப் பொருத்தம் பார்க்க வாராங்க. தம்புள்ளையில வெங்காய யாவாரம். பையனோட அம்மா திரையில பார்க்காம சரின்னு சொல்லாதாம்."

விதுஷா அவர் தங்கச்சியின் மகள். தங்கச்சி குவைத்துக்குப் போனவள் அங்கேயே இன்னொருவனோடு தங்கிவிட்டாள். நாலு வயதிலிருந்து பிள்ளையை வளர்த்தது அக்காதான். ஏற்கெனவே இரண்டு இடம் தாயின் கதையைக் கேட்டுவிட்டு வராமலே போய்விட்டது.

"இவங்க எல்லாம் தெரிஞ்சும் வாராங்க தம்பி. பையன் தனுஜன் நல்ல புள்ள. போன்ல பேசுதுங்க. இதுவும் போச்சுன்னா அந்தப் புள்ள ஒடைஞ்சு போயிரும்."

மொனிட்டரை என் மேசைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அவர் கொண்டு வந்த வயரையே போட்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஓடவிட்டேன். ஒரு கோடு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

இங்கே தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடு மொனிட்டரில் இருந்தால் மொனிட்டர் போகிற இடமெல்லாம் கோடும் போகும். மொனிட்டரும் வயரும் வேறு கம்ப்யூட்டரில் சுத்தமாக நின்றால், பழுது வீட்டில் இருக்கும் பெட்டியில். படத்தைத் திரைக்கு அனுப்புகிற சின்னப் பலகை ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது, டிஸ்பிளே கார்ட் என்போம். அது சூடேறிக் கெட்டால் இப்படித்தான், போட்டவுடன் நல்லாயிருந்து பிறகு கோடு விழும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. எனக்கு அது அன்று மத்தியானமே தெரியும்.

"பெட்டியைக் கொண்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் வந்து பார்க்கிறேன்" என்றும் சொல்லியிருக்கலாம். த்ரீவீலில் கால் மணித்தியாலம். நான் சொன்னது இதுதான்:

"மொனிட்டர்ல ஒண்ணுமில்ல அக்கா."

அது பொய்யில்லை. அதனால்தான் சொல்ல லேசாக இருந்தது.

பத்து நாளில் மறுபடி வந்தார், அதே பெட்சீட், அதே இடுப்பு. மறுபடி மாட்டிக் காட்டினேன். சுத்தமாக நின்றது. அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டு போய்ப் பார்த்தார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒருதரம் வீட்டுக்கு வந்து பார்க்க ஏலாதா தம்பி?"

"எனக்கு வேலை இருக்கு அக்கா."

வேலை ஒன்றும் இல்லை. அந்த அறைக்குள் மறுபடி காலை வைக்க மாட்டேன் என்று இருபத்திரண்டு வருசம் முன்னால் வைராக்கியம் எடுத்தவன் நான். அவர் போன பிறகு ஹாஷிம் நானா கடை வாசலில் நின்று சொன்னார்: "அந்த மனுசி கைப்புள்ளயத் தூக்கிட்டு வாற மாதிரி வருது. நீ நாடி புடிச்சுப் பார்த்துட்டு மருந்தே குடுக்காம அனுப்புறாய். என்னடா வைத்தியன் நீ?"

மூன்றாவது தரம் நவம்பர் நடுவில் வந்தார். அன்று மழை. மொனிட்டர் நனையாமல் அவர் நனைந்திருந்தார். எனக்கு எரிச்சல். அது அவர் மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

"மூணு தரம் பார்த்தாச்சு அக்கா. கோடு மொனிட்டர்ல இல்ல. சுகர் இருக்குன்னு சொல்றீங்க. போய்க் கண்ணைக் காட்டுங்க."

அவர் பெட்சீட்டை மடிப்பு மாறாமல் சுற்றினார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

டிசம்பர் முதல் கிழமை ஒரு பெண் கடைக்குள் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, சட்டையில் பெயர்த் தகடுகூடக் கழற்றவில்லை. விதுஷா.

"நீங்கதானே பெரியம்மாவுக்குக் கண்ணு போச்சுன்னு சொன்னது?"

"போச்சுன்னு சொல்லல. காட்டச் சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமை அந்தக் கோட்டை நாங்க அஞ்சு பேர் பார்த்தோம் அங்கிள். அஞ்சு பேருக்கும் கண்ணு போச்சா?"

நடந்ததை அவள்தான் சொன்னாள். தம்புள்ளையிலிருந்து தாயும் தகப்பனும் தனுஜனும் வந்திருக்கிறார்கள். தாயின் பெயர் சுபாஷினி. தேத்தண்ணி, பலகாரம், பேச்சு என்று நேரம் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா இரண்டு கட்டத்தையும் போட்டு, வழக்கம்போல, "உங்க கண்ணால பாருங்க" என்று மொனிட்டரைத் திருப்பியிருக்கிறார்.

பையனின் கட்டம் சுத்தமாக நின்றது. விதுஷாவின் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு, நடுங்கிக்கொண்டு, ஏழாம் வீட்டுக்கு ஊடாகப் போனது. ஏழாம் வீடு என்றால் கல்யாண வீடு. அந்தம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்திருக்கிறாள்.

"பெரியம்மா பேப்பர்ல அடிச்சுக் குடுத்தாங்க. பேப்பர்ல கோடு இல்ல. அந்தம்மா வாங்கல. 'பேப்பர்ல நீங்க எதையும் அடிப்பீங்க. கண்ணால பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, பார்த்துட்டோம்'னு எழும்பிட்டாங்க. தனுஜன் இப்ப போன் எடுக்கிறதில்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பலாபத்வல கடையில எனக்கு என்ன பேர் தெரியுமா அங்கிள்? ஏழாம் வீட்டுல கோடு விழுந்தவ."

ஒரு சொல் ஒருவர் மேல் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று இந்த மாத்தளையில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை.

வீட்டில் டொறீனிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், மேசையில் சுத்தமாக நின்றதையும். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு வந்தாள்.

"தெரிஞ்சே அனுப்புனீங்களா?"

"ம்."

"மூணு தரமுமா?"

"ம்."

"அந்தப் புள்ள உங்களுக்கு என்ன செஞ்சிச்சு? அன்னைக்கு அவளுக்கு மூணு வயசுகூட இருந்திருக்காதே." சேலையில் கையைத் துடைத்தாள். "நாளன்னைக்கிப் போயா. கடை பூட்டுதானே. நீங்க போகலன்னா அந்தப் பெட்டிய நான் போய்த் தூக்கிட்டு வருவேன்."

பௌர்ணமி லீவான போயா அன்று போனேன். என் மொனிட்டர் ஒன்றையும், கழற்றி வைத்திருந்த பழைய டிஸ்பிளே கார்ட் ஒன்றையும் பையில் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருசத்தில் அந்த அறை சின்னதாகிவிட்டிருந்தது. மேசையில் கம்ப்யூட்டர். மொனிட்டரின் மூலையில் காய்ந்த சந்தனம். பெட்டிக்கு முன்னால் சூடத்தட்டு, சாம்பிராணிக் கரண்டி. மெயின் ரோட்டில் லொறி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது.

கோடு விழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நானும் அவரும்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் பேசினார், நான் கேட்டேன்.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினோராம் ஆண்டு, சாதாரண தரம் வரை படித்து, கண்டியில் டைப்பிங் பழகியவர். கணவர் இராசமாணிக்கம் கோயில் அலுவலகத்தில் இருந்துவிட்டு, வேலை போனபோது கையில் வந்த காசை அப்படியே கொடுத்து இந்தக் கம்ப்யூட்டரையும் ஜாதக புரோகிராமையும் வாங்கினார். ஆனால் அவருக்கு எழுத்துத் தட்ட வராது. அக்காதான் தட்டினார். மூன்று வருசத்தில் கணவர் செத்துப்போனார். புரோகிராமைக் கொடுத்த ஆள் இந்தியாவில் எங்கே என்று தெரியாது, வேறு கம்ப்யூட்டரில் அது ஏறாது. அதனால் இந்தப் பெட்டியைச் சாமி மாதிரி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டி, சூடம் கொளுத்திவிட்டுத்தான் போடுவார்.

"எனக்கு ஜோசியம் தெரியாது தம்பி. அது சொல்றத வாசிப்பேன். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ஒரு எழுத்து மாத்தி வாசிச்சதில்ல. எத்தனை தரகன் வந்து நின்னிருக்கான்."

"கண்ணைக் காட்டினீங்களா?"

"கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். துண்டு குடுத்து ஜனவரில வரச் சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்லல. ஜாதகம் பார்க்கிறவளுக்குக் கண்ணு தெரியலன்னா யாரு வருவா? கோடு எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நெனைச்சிட்டேன். அதனாலதான் அன்னைக்குப் பயமில்லாமத் திருப்பினேன்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "அந்தம்மா 'இது என்ன கோடு'ன்னு கேட்டா பாருங்க, எனக்கு ஒரு நிமிசம் சந்தோசம் தம்பி. அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு. பொறகுதான் விதுஷா மொகத்தப் பார்த்தேன்."

அப்போது திரை நடுங்கியது. சிவப்புக் கோடு மேலிருந்து இறங்கியது, பக்கத்தில் பச்சை ஒன்று. வயரைக் கழற்றி என் மொனிட்டரில் மாட்டினேன். அதே கோடு, அதே இடத்தில். பெட்டியை நிறுத்தித் திறந்தேன். டிஸ்பிளே கார்ட்டின் மேலிருக்கும் குட்டி மின்விசிறி சுற்றவில்லை. சூடப் புகையும் சாம்பிராணியும் தூசியும் சேர்ந்து களி மாதிரி அப்பியிருந்தது. விரலை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அதில் இருந்தன. அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு நான் கொண்டு போனதை மாட்டினேன். இரண்டு மணித்தியாலம் ஓடியது. கோடு இல்லை.

"முடிஞ்சுது அக்கா. மொனிட்டர்ல பழுதே இல்ல. பெட்டிக்குள்ளதான்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்க கடையில சுத்தமா நின்னப்பவே, பழுது இங்கதான்னு தெரிஞ்சிருக்கணுமே தம்பி?"

டைப்பிங் பழகிய பெண். இது விளங்காமல் இருக்குமா? ஸ்குரூ டிரைவரைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"தெரியும்."

"எதுக்கு?"

சொன்னேன். பல்லேபொலப் பெண், பதின்மூன்று பேர், பத்தாமிடம், தொட்டது துலங்காது, எல்லாம். சொல்லச் சொல்ல அது எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எனக்கு ஞாபகமே இல்லையே தம்பி. திரையில இருந்திருக்கும். வாசிச்சிருப்பேன்."

திட்டியிருந்தால் எழும்பி வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. ரோட்டில் தம்புள்ளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கையை மேசையில் ஊன்றி எழும்பினார்.

அதுதான் நான் அவரைக் கண்ட கடைசி நாள். ஒன்பது நாளில் கால் புண் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். விதுஷா எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தனுஜனுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள், இந்தத் தைக்குள் முடித்துவிடுவார்கள் என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். அன்று நான் தூக்கி வந்த பெட்டி இப்போது என் மேசைக்குக் கீழே அந்தப் பெட்சீட்டில் சுற்றியபடி இருக்கிறது. சாவு வீட்டைச் சாட்டி, அவர் சொன்ன வேலையை நாள் தள்ளினேன், அந்தச் சாட்டும் முடிந்துவிட்டது. டொறீன் காலையில் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

அன்று அவர் எழும்பி நின்று என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீங்க இப்பப் போட்டதக் கழட்டுங்க தம்பி. அந்தக் கெட்டுப் போனதையே திரும்ப மாட்டுங்க. துடைக்காதீங்க, காத்தாடியத் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும். பெட்டியையும் மொனிட்டரையும் தூக்கிட்டுத் தம்புள்ளைக்குப் போங்க. அந்தம்மா வீட்டுல வச்சுப் போட்டுவிட்டு, சூடாகுற வரைக்கும் கூட இருங்க. பொறகு விதுஷா கட்டத்தப் போடுங்க. அந்த எடத்துலயே அந்தம்மா கட்டத்தப் போடுங்க, என்னோடதப் போடுங்க, உங்களோடதப் போடுங்க. எல்லார் மேலயும் அதே கோடு விழும், அவ கண்ணால பார்க்கட்டும். இத ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்பா. எங்கிட்டச் சொன்ன மாதிரியே அவகிட்டயும் சொல்லுங்க. மழுப்பாதீங்க."